ஒரே வலையில் பல ஊர் மீன்கள்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு ஐந்நூறு பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் தமிழர்கள்தான். வாசலில் நின்று பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு அத்தனை பேரும் ஒன்றுதான். 'மதராசி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஆனால் நம் காதுக்குத் தெரியும். 'ஏனுங்க, சாப்டீங்களா?' என்றால் கோவை, ஈரோட்டுப் பக்கம். 'என்னலே' என்றால் நெல்லை. கொஞ்சம் மலையாள இழுவையோடு பேசினால் நாகர்கோவில். பந்தியில் உட்கார்ந்து பத்து நிமிடம் காது கொடுத்தாலே, இந்த ஊர்க்காரர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு குத்துமதிப்புக்கு வந்துவிடலாம்.

கடலில் விழும் வலையிலும் இதே கதைதான். ஒரே இனம், ஒரே நிறம், ஒரே ருசி. ஆனால் உள்ளே பல ஊர்க்காரர்கள் கலந்து கிடப்பார்கள். எந்த மீன் எந்த ஊர் என்று பிரித்துத் தெரிந்துகொள்வது மீன்வளத்தைக் காப்பாற்றுவதில் மிக முக்கியமான வேலை. 'மீனில் என்ன சார் ஊர், பேர்?' என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

கிளை என்றால் என்ன?

ஒரு மீன் இனம் முழுவதும் ஒரே குடும்பமாக வாழ்வதில்லை. தனக்கென்று ஓர் இடத்தில், ஒரு பருவத்தில் கூடி, தங்களுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்துகொள்ளும் கூட்டங்களாக அது பிரிந்திருக்கும். இப்படிப்பட்ட ஒவ்வொரு கூட்டத்தையும் மீன்வள விஞ்ஞானிகள் 'ஸ்டாக்' என்பார்கள். உறவுமுறையில் நாம் 'கிளை' என்று சொல்கிறோமே, அந்தச் சொல் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. இங்கேயும் அப்படியே அழைப்போம்.

ஒரு கிளை அழிந்தால் பக்கத்துக் கிளை வந்து அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் வரவு வேறு, செலவு வேறு. கணக்குப் புத்தகத்தையும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும். சிக்கல் என்னவென்றால், முட்டையிடும்போது பிரிந்து நிற்கும் கிளைகள் இரை தேடும்போதும் பயணம் போகும்போதும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மனிதன் வலை போடுவது பெரும்பாலும் அந்தக் கலந்த இடத்தில்தான்.

இந்த எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. ஜெர்மனியின் பிரெடரிக் ஹைன்கே என்ற அறிஞர் ஆயிரக்கணக்கான ஹெர்ரிங் மீன்களை எடுத்து, முதுகெலும்புக் கணுக்களை எண்ணி, உடல் அளவுகளை ஒப்பிட்டு, வடகடல் பகுதியில் ஹெர்ரிங் ஒரே கூட்டமாக இல்லை, பல தனிக் கூட்டங்களாக இருக்கிறது என்று 1898ல் எழுதினார். அதற்குப் பிறகுதான் 'இனத்தைப் பார்க்காதே, கிளையைப் பார்' என்ற பார்வை வேரூன்றியது.

பிரேசர் ஆற்றின் சால்மன்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கனடாவின் மேற்குக் கரையில் இருக்கிறது. சுமார் 1,370 கிலோமீட்டர் நீளமுள்ள பிரேசர் ஆறு வான்கூவர் நகரத்தை ஒட்டிக் கடலில் கலக்கிறது. அந்த ஆற்றுக்குள் வரும் 'சாக்கை' என்ற செந்நிறச் சால்மன் உலகப் பிரசித்தம்.

சாக்கையின் வாழ்க்கையே ஒரு கதை. மலைநாட்டு ஓடையின் கூழாங்கல்லுக்கு அடியில் பிறக்கும். பெரும்பாலும் முதல் ஒரு வருடத்தைப் பக்கத்து ஏரியில் கழிக்கும். பிறகு ஆற்றோடு இறங்கிப் பசிபிக் பெருங்கடலுக்குப் போய்விடும். இரண்டு மூன்று வருடம் தின்று கொழுத்து, பெரும்பாலும் நான்காவது வயதில், தான் பிறந்த அதே ஓடைக்குத் திரும்பி வரும். முட்டையிடும், செத்துப்போகும். பிறந்த தண்ணீரின் வாசனையை நினைவில் வைத்துத்தான் வீட்டை அடையாளம் காண்கிறது என்பதை ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க அறிஞரின் 1950களின் ஆராய்ச்சிகள் எடுத்துக் காட்டின. பிழைப்புக்காக எங்கெங்கோ போய்விட்டுத் தை மாசம் சொந்த ஊர்க் கோவிலைத் தேடி வருகிற நமக்கு இது புரியாதா என்ன?

இப்படி ஆடம்ஸ் ஆறு, சில்கோ ஏரி, ஸ்டூவர்ட் ஏரி, கல்டஸ் ஏரி என்று பிரேசரின் மேலும் கீழும் பல கிளைகள் உண்டு. வரும் பருவத்தை வைத்து அவற்றை முன்ஸ்டூவர்ட், முன்கோடை, கோடை, பின்பருவம் என்று நான்கு தொகுதிகளாகப் பிரித்து நிர்வாகம் செய்கிறார்கள். ஆனால் வரிசையாக க்யூவில் நின்று வருவதில்லையே! ஒரு தொகுதியின் வால் மற்றொன்றின் தலையோடு கலந்துதான் வருகிறது. ஒரே தொகுதிக்குள் பெரிய கிளையும் நோஞ்சான் கிளையும் தோளோடு தோள் உரசி வருகின்றன.

இதில் இரண்டு நாட்டு வழக்கும் உண்டு. ஆற்றுக்கு வரும் வழியில் மீன்களில் ஒரு பகுதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலைக் கடந்து வருகிறது. அங்கேயும் வலை காத்திருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்பதற்காகவே 1937ல் ஓர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. 1985ல் பசிபிக் சால்மன் ஒப்பந்தம் அதன் இடத்தைப் பிடித்தது. ஆற்று நீர்ப் பங்கீட்டையே வருடக்கணக்காகப் பார்த்துவரும் நமக்கு, நீந்திப்போகும் மீனைப் பங்குபோடுவது எவ்வளவு தலைவலி என்று சொல்லத் தேவையில்லை.

நோஞ்சான் கிளையின் கணக்கு

'வருகிற மீனில் பாதிக்கு மேல் பிடி, மீதியை விடு' என்று பொதுவாகச் சட்டம் போட்டால் என்ன? கணக்குக்காக இரண்டு கிளைகளை எடுத்துக்கொள்வோம். முதல் கிளையில் 10 லட்சம் மீன். முட்டையிடப் போகும் 100 மீனுக்கு அடுத்த தலைமுறையில் 300 மீன் திரும்பி வருகிறது. இரண்டாவது கிளையில் 10,000 மீன்தான். அதன் ஏரி அவ்வளவு வளமில்லை. 100க்கு 150தான் திரும்புகிறது.

இரண்டும் கலந்து வரும் இடத்தில் 60 சதவீதத்தைப் பிடிக்கிறோம். முதல் கிளையில் மிஞ்சுவது 4 லட்சம். அது அடுத்த தலைமுறையில் 12 லட்சமாக வரும். 'பார்த்தீர்களா, மீன் கூடுகிறதே!' என்று சந்தோஷப்படுவோம். இரண்டாவது கிளையில் மிஞ்சுவது 4,000. அது 6,000ஆகத் திரும்பும். அதற்கடுத்து 3,600. அதற்கடுத்து 2,160. மூன்று தலைமுறையில், அதாவது பன்னிரண்டு வருடத்தில், ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். மொத்தப் பிடிப்பைக் காட்டும் கணக்கில் இது தெரியவே தெரியாது. அங்கே வரவு ஏறிக்கொண்டே இருக்கும்.

சரி, சின்னக் கிளையைக் காப்பாற்ற மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று விதி போட்டால்? பெரிய கிளையில் 6 லட்சம் பிடித்தவர் 3,33,000தான் பிடிக்கலாம். 10,000 மீனுக்காக ஏறக்குறைய 2,67,000 மீனைக் கண்ணெதிரே விட்டுவிட வேண்டும். படகுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டும் மீனவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்! அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

இந்த இரண்டு முனைக்கும் நடுவே ஒரு வழி உண்டு. நோஞ்சான் கிளை எந்த வாரம், எந்த இடத்தைக் கடக்கிறது என்று தெரிந்தால் அந்த வாரம் மட்டும் அந்த இடத்தில் வலையை நிறுத்தலாம். முதலில் வரும் முன்ஸ்டூவர்ட் கிளையைக் காக்க, பருவத் தொடக்கத்தில் வலைகளை நிறுத்திவைப்பது இப்படித்தான். ஆகவே அடையாளம் காண்பது ஆராய்ச்சிக்கூடத்து வேடிக்கை அல்ல. மீனவர் பிழைப்பும் மீன் பிழைப்பும் அதில்தான் தொங்குகிறது.

அடையாளம் காணும் வழிகள்

முதல் வழி, செதில். மரத்துக்கு வளையம் இருப்பதுபோல மீன் செதிலிலும் வளையங்கள் உண்டு. குஞ்சுப் பருவத்தைக் கழித்த ஏரி வளமானது என்றால் வளையங்களுக்கு இடைவெளி அதிகம். இரை குறைந்த ஏரி என்றால் நெருக்கம். கல்யாணச் சாப்பாட்டில் வளர்ந்ததா, கஞ்சியில் வளர்ந்ததா என்று செதிலே சொல்லிவிடும். பிரேசரில் பல்லாண்டு காலம் இந்த முறை கைகொடுத்தது. ஆனால் ஏரியின் வளம் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் அளவுகோலையும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

இரண்டாவது, காதுக்கல். கத்தாழை, பன்னா மீன்களின் தலையைச் சாப்பிடும்போது பல்லில் வெள்ளைக் கல் ஒன்று கடிபடுமே, அதுதான். மீனின் உள்காதில் இருந்து உடல் சமநிலைக்கு உதவுவது. அதுவும் வளையம் வளையமாகத்தான் வளர்கிறது. அலாஸ்காவின் குஞ்சு பொரிப்பகங்களில் தண்ணீரின் வெப்பத்தைத் திட்டமிட்டு ஏற்றி இறக்குகிறார்கள். அது காதுக்கல்லில் கோடுகளாகப் பதிகிறது. கடைச் சாமான் மேல் இருக்கும் கோட்டுக் குறியீடு போல, எந்தப் பொரிப்பகத்தின் பிள்ளை என்று வருடங்கள் கழித்தும் படித்துவிடலாம்.

மூன்றாவது, கம்பித் துணுக்கு. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய நீளத்தில், எண் பொறித்த நுண்ணிய உலோகத் துணுக்கைக் குஞ்சின் மூக்குப் பகுதியில் செலுத்திவிடுவார்கள். 1960களில் வந்த முறை இது. துணுக்கு இருப்பது வெளியே தெரிவதற்காக, முதுகில் வால் பக்கம் இருக்கும் சிறிய கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவது வழக்கம். அப்படி வெட்டுப்பட்ட மீன் வலையில் வந்தால் தலையை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நல்ல வழிதான். ஆனால் நாமே பிடித்துக் குறிபோட்ட குஞ்சுக்குத்தான் இது உதவும். காட்டு ஓடையில் தானாகப் பிறந்த கோடிக்கணக்கான குஞ்சுக்கு யார் போய்க் குறி போடுவது?

நான்காவது வழி அந்தக் குறையைத் தீர்த்தது. அது பிறப்பிலேயே உள்ள குறி. சால்மன் பிறந்த ஓடைக்கே திரும்புவதால், பல தலைமுறைகளில் ஒவ்வொரு கிளையின் மரபணுவிலும் சிறுசிறு வேறுபாடுகள் சேர்ந்துவிட்டன. முதலில் புரதங்களை வைத்துப் பார்த்தார்கள். அதற்குத் தசையையும் ஈரலையும் குளிர்பதனம் கெடாமல் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு டி.என்.ஏ. வந்தது. துடுப்பில் ஒரு துணுக்கு, அல்லது ஒரு செதில் போதும். கனடாவின் நனைமோ நகரத்து ஆய்வு நிலையத்தில், மாதிரி வந்த ஓரிரு நாளிலேயே முடிவு சொல்லும் அளவுக்கு வேலை வேகமானது. இந்த வேகம்தான் முக்கியம். மீன் ஆற்றுக்குள் போய்விட்ட பிறகு 'அது கல்டஸ் மீன்' என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

கலவையைப் பிரிக்கும் கணக்கு

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். ஒரு மீனின் டி.என்.ஏ.வைப் பார்த்த உடனே ஊர்ப்பெயர் எழுதியிருக்குமா? இருக்காது. 'லே' என்று பேசுபவர் எல்லோரும் நெல்லைக்காரர் இல்லை. நெல்லைக்காரர் எல்லோரும் 'லே' என்பதும் இல்லை. எது எங்கே அதிகம் என்பதுதான் விஷயம்.

ஒரு மரபணுக் குறி, அ என்ற கிளையில் 100க்கு 80 பங்கு, ஆ என்ற கிளையில் 100க்கு 30 பங்கு என்று முன்கூட்டியே தெரியும். வலையில் விழுந்த கலவையில் அது 55 பங்கு வருகிறது. 80க்கும் 30க்கும் சரிபாதி 55. ஆக, கலவையில் இரண்டும் பாதிப் பாதி. எந்த மீன் எந்த ஊர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லாமலே மொத்த விகிதத்தைச் சொல்லிவிட்டோம்! நிஜத்தில் கிளைகளும் பல, குறிகளும் பல. கணினி எல்லாவற்றையும் சேர்த்து, எந்த விகிதம் இருந்தால் இப்படிப்பட்ட கலவை வருவதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று தேடிப் பிடிக்கிறது. குறிகள் கூடக் கூட, தனி மீனின் ஊரையும் நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது.

ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, ஒப்பிட வேண்டிய அசல் பட்டியல். ஒவ்வொரு ஓடைக்கும் நேரில் போய் முட்டையிட வந்த மீனிடமிருந்தே மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத கிளையின் மீன் வந்தால், கணினி அதை நெருங்கிய சொந்தக்காரர் கணக்கில் சேர்த்துவிடும். நாகர்கோவில் பேச்சைக் கேட்டே இராதவர் அவரை மலையாளி என்று எழுதிக்கொள்வது போலத்தான்.

இரண்டாவது ஓட்டை இன்னும் முக்கியம். முன்னே சொன்ன கணக்கில் 10,000 மீன் உள்ள கிளை, கலவையில் ஏறக்குறைய 1 சதவீதம்தான். 200 மீனை எடுத்துச் சோதித்தால் அதில் இரண்டு வரலாம். ஒன்றுகூட வராமல் போகவும் 13 சதவீத வாய்ப்பு உண்டு. ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கு அது நலிந்துவிட்டால், 200 மீன் சோதனையில் அது தட்டுப்படாமலே போவதற்கான வாய்ப்பு 82 சதவீதம். அதாவது, யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவர்தான் கண்ணில் படுவதே இல்லை. பெரிய கிளை சத்தம் போட்டு வருகிறது. நலிந்தது ஓசையில்லாமல் போய்விடுகிறது.

கல்டஸ் ஏரியின் கதை

இது வெறும் கணக்கு இல்லை, நடந்த கதை. பிரேசரின் கீழ்ப்பகுதியில் சில்லிவாக் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஏரி கல்டஸ். அதன் சாக்கை, பின்பருவத் தொகுதியோடு, அதாவது லட்சக்கணக்கில், சில ஆண்டுகளில் கோடியை எட்டும் அளவில் வரும் ஆடம்ஸ் ஆற்று மீன்களோடு கலந்து வருகிறது. தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. முன்பு ஆயிரக்கணக்கில் வந்த கல்டஸ் மீன் சில ஆண்டுகளில் சில நூறு என்று சுருங்கியது. 2002, 2003 ஆண்டுகளில் கனடாவின் அருகிவரும் உயிரினங்களுக்கான அறிவியல் குழு, இது அழியும் ஆபத்தில் உள்ள கிளை என்று அறிவித்தது.

அடுத்து அரசு இதைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. 2005 ஜனவரியில் அரசு தன் முடிவைச் சொன்னது. கல்டஸ் மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்தால், அதோடு கலந்து வரும் மற்ற மீனையும் பிடிக்க முடியாமல் போகும். மீனவர்களும் கடலோர ஊர்களும் தாங்க முடியாத நஷ்டம் அடைவார்கள் என்பதே காரணம். பதிலாகப் பிடிப்புக்கு வரம்பு, ஆய்வகத்தில் குஞ்சு வளர்ப்பு, குஞ்சைத் தின்னும் வேறு மீன்களை ஏரியிலிருந்து அகற்றுதல் என்று சில வேலைகள் நடந்தன. 2017ல் மறுபடி ஆய்வு செய்தபோதும் 'அழியும் ஆபத்து' என்ற நிலை மாறவில்லை.

அரசைத் திட்டுவது சுலபம். ஆனால் யோசித்துப் பாருங்கள். விஞ்ஞானம் தன் வேலையைச் செய்துவிட்டது. 'இது தனிக் கிளை, இது நலிந்து வருகிறது' என்று சொல்லிவிட்டது. அதற்காக எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை டி.என்.ஏ. சொல்லாது. அது மனிதர்கள் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. அடையாளம் தெரியாதவரை 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று சொல்லலாம். தெரிந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

சின்னக் கிளையால் என்ன லாபம்?

'சில நூறு மீன் போனால் என்ன? கோடிக்கணக்கில்தான் வருகிறதே' என்று கேட்பவர்களுக்கு அலாஸ்காவின் பிரிஸ்டல் வளைகுடா பதில் வைத்திருக்கிறது. உலகிலேயே சாக்கை மிக அதிகமாகப் பிடிபடும் இடம் அது. அங்கே பல நூறு கிளைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் க்விசாக் என்ற ஆற்றின் கிளைகளே கொடிகட்டிப் பறந்தன. பின்னர் அவை சரிந்தபோது வேறு ஆறுகளின் கிளைகள் ஏறி வந்து ஈடுகட்டின. ஷிண்ட்லர் முதலான அறிஞர்கள் 2010ல் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இத்தனை கிளைகள் இல்லாமல் ஒரே கூட்டமாக இருந்திருந்தால் வருடாந்தர ஏற்ற இறக்கம் 2.2 மடங்கு அதிகமாக இருந்திருக்கும். மீன்பிடிப்பை முழுக்க மூட வேண்டிய நிலை பத்து மடங்கு அடிக்கடி வந்திருக்கும் என்பது அதன் முடிவு. எல்லாப் பணத்தையும் ஒரே சீட்டுக் கம்பெனியில் போடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தானே?

அதே வளைகுடாவில், மீன் கரைக்கு வருவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே, போர்ட் மோலர் அருகே சோதனைப் படகு வலை போட்டு மாதிரி எடுக்கிறது. எந்த ஆற்றுக்கு எத்தனை பங்கு என்று மரபணுச் சோதனை சொல்கிறது. அதை வைத்து எந்தப் பகுதியில் வலையைத் திறப்பது, எங்கே மூடுவது என்று திட்டமிடுகிறார்கள். செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி.

போன கிளையைத் திருப்பிக் கொண்டுவருவதும் லேசுப்பட்ட காரியமில்லை. ஆடம்ஸ் ஆற்றின் மேல்பகுதிக் கிளை, 1908ல் மரம் மிதக்கவிடக் கட்டிய அணையால் அழிந்தது. வேறு இடத்து முட்டையையும் குஞ்சையும் பலமுறை கொண்டுவந்து விட்டும் பழைய கூட்டம் திரும்பவில்லை.

நம் கடலில்

நம் நாட்டுக் கடலில் இந்த வேலை இன்னும் கடினம். மத்தி, அயிலை போன்றவை சால்மன்போல ஓடை தேடிப் போவதில்லை, கடலிலேயே முட்டையிடுகின்றன. முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் கலந்து போவதால் கிளைகளுக்குள் வேறுபாடும் மெல்லியதுதான். ஆனாலும் வேலை நடக்கிறது. முன்பு மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்து பின்னர் கொச்சிக்குப் போன மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், ஓமன் பக்கத்து மத்தியும் நம் கரை மத்தியும் மரபணுவில் வேறுபடுகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். மத்தியின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்துவிட்டதாக 2023ல் அறிவித்தார்கள். கேரளத்தில் 2012ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்ட மத்தி, 2021ல் 3,300 டன் அளவுக்கு விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசரம் புரியும்.

இப்போது நம்மிடம் உள்ள பெரிய கருவி நாள்காட்டிதான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, விசைப்படகுகளுக்குத் தடை. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நாள்காட்டிக்கு எல்லா மீனும் ஒன்றுதான், கிளை தெரியாது.

அடுத்த தடவை மார்க்கெட்டில் மீன்காரம்மா 'எல்லாம் ஒரே மீன்தான், எடுத்துக்கோங்க' என்று சொன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். வெளியூரில் 'மதராசி' என்ற ஒற்றைச் சொல் கேட்டு நமக்குச் சுருக்கென்று வருமே, அந்த உணர்வு இங்கேயும் கொஞ்சம் வரட்டும். கூட்டத்தில் கலந்து நிற்கும்போது சின்ன ஊர்க்காரர் குரல்தான் முதலில் கேட்காமல் போகிறது. காது கொடுத்துக் கேட்டால்தான் அவரும் இருக்கிறார் என்று தெரியும். தெரிந்த பிறகு பந்தியில் அவருக்கும் ஓர் இலை போடுவது நம் பொறுப்பு.